வெல்டாவின் ஜூலை பன்னிரண்டு

பையின் நீளம் பன்னிரண்டு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிய வேண்டும்.

மகள் டானெட் தபாலில் அனுப்பியிருந்த அந்த மைதான விதித் தாளை வெல்டா கிரெப்ஸ் மூன்றாவது முறையாக உரக்கப் படித்தாள். சமையலறை மேசையில் எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனார் நோரீன் தன் பழுப்புத் தோல் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். யாரோ கைக்குழந்தையைப் பிடுங்க வந்துவிட்டதைப் போல இருந்தது அந்த அணைப்பு.

"என் பைக்குள்ள என்ன இருக்குன்னு செயின்ட் லூயிஸ்ல இருக்கிறவன் எல்லாம் பார்க்கணுமா?"

"என்னதான் இருக்கு நோரீன்? மூட்டுவலி மாத்திரை, பெப்பர்மின்ட், நாலு வருஷத்துக்கு முந்தின சர்ச் கடுதாசி. அவ்வளவுதானே?"

"அது என் சொந்த விஷயம்."

வெல்டா எழுந்து போய், பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் ரொட்டி கட்டும் கண்ணாடித்தாள் பைகளில் இரண்டை எடுத்து வந்தாள். ஸ்கேலை வைத்து அளந்தாள். பதினொன்றரை. "இதோ. ஆளுக்கு ஒண்ணு. நானே பிடி தைச்சுத் தர்றேன்."

"ரொட்டிப் பையைத் தூக்கிக்கிட்டு நான் நகரத்துக்கு வரணும்?"

"ஆமா. வரணும்."

கார் ஷெட்டிலிருந்து ரேடியோவின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. அங்கே, ஒடிந்த ஏரியலுக்குப் பதிலாகச் சட்டை மாட்டும் கம்பி செருகிய பழைய பெட்டியின் முன்னால், வெல்டாவின் கணவன் ஆர்லிஸ் உட்கார்ந்திருந்தான். இந்தப் பாடெல்லாம் அவனுக்காகத்தான். அவனோ, இதெல்லாம் வேறு ஏதோ ஒரு குடும்பத்தின் கதை என்பதைப் போல, ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வெல்டாவுக்கு அறுபத்தொரு வயது. ஹார்லன் க்ரீக் பள்ளியில் முப்பத்தொரு வருடமாகத் தலைமைச் சமையல்காரி. அந்த ஊரில் முப்பத்தாறு வயதுக்குக் கீழே இருக்கும் ஒவ்வொருவனும் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்தான். ஷெரிஃபின் உதவியாளன் அவள் காரை நிறுத்தினால்கூட, "ஏன்டா, அவரைக்காயைத் தட்டுக்கு அடியில மறைச்சு வைப்பியே, அந்தப் பயல்தானே நீ?" என்று கேட்டு அவனைச் சிவக்க வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஊரில் யார் இறந்தாலும் சர்ச் மண்டபத்தில் நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு அவள் பொறுப்பு. எத்தனை பன்றிக்கறித் துண்டு, எத்தனை பாத்திரம் உருளைக்கிழங்கு சாலட், யார் வீட்டிலிருந்து எத்தனை நாற்காலி என்பதை ஒரு பழைய உறையின் பின்பக்கம் எழுதி முடித்துவிடுவாள். எழுதியது பிசகியதே இல்லை. ஆர்லிஸ் அவளைக் 'கேப்டன்' என்று கூப்பிடுவது கேலியா மரியாதையா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அப்படிப்பட்டவளால் நாற்பது வருடமாக ஒரே ஒரு காரியத்தை மட்டும் நடத்தி முடிக்க முடியவில்லை. ஆர்லிஸை செயின்ட் லூயிஸ் நகரத்துப் பேஸ்பால் மைதானத்துக்குக் கூட்டிப்போவதுதான் அது.

காரில் இரண்டரை மணி நேரம். அவ்வளவுதான் தூரம். முதல் தடவை கிளம்பியது எண்பத்தாறில். பாதி வழியில் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் வெல்டாவுக்கு இடுப்புவலி எடுத்தது. டானெட் மூன்று வாரம் முன்னதாகவே பிறக்கத் தீர்மானித்துவிட்டாள். இரண்டாம் தடவை, ஆர்லிஸ் வேலை பார்த்த தானியக் கிடங்கில் கிளம்புகிற அன்று காலையில் தீப்பிடித்தது. காலர் வைத்த புதுச் சட்டையோடு ஓடியவன் மறுநாள் கரியோடு திரும்பி வந்தான். மூன்றாவது, தொண்ணூற்று நாலு ஆகஸ்ட். டிக்கெட் கையில் இருந்தது. காரில் எண்ணெய் மாற்றியாயிற்று. நாடு முழுவதும் ஆட்டக்காரர்களே வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள்!

"கடவுளுக்கே இஷ்டமில்ல போல," என்று அன்றைக்கு ஆர்லிஸ் சிரித்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ரேடியோ பாடியது. வெல்டா சமைத்ததை ஆறவிட்டுக் காத்திருந்தாள். இன்னிங்ஸ் முடியாமல் ஆர்லிஸ் மேசைக்கு வரமாட்டான். மூன்றாவது ஆள் அவுட் ஆக வேண்டும். அதற்குள் எவனாவது ஒரு மட்டையடிக்காரன் நின்றுகொண்டு பந்தைக் கோட்டுக்கு வெளியே, கோட்டுக்கு வெளியே என்று ஃபவுலாகவே தட்டிக்கொண்டிருப்பான். ஓட்டமும் கிடையாது, அவுட்டும் கிடையாது, ஆட்டம் நகராது, குழம்பு மட்டும் உறையும். பூமியில் வெல்டா மனதார வெறுத்த ஒன்று உண்டென்றால் அது அந்த ஃபவுல்தான்.

பிறகு போன குளிர்காலத்தில் ஆர்லிஸ் சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியையே உற்றுப் பார்க்கத் தொடங்கினான்.

"உப்பு வேணுமா?"

"வேண்டாம். கறியைப் பார்க்கறேன்."

"கறி தட்டுல இருக்கு ஆர்லிஸ்."

"தட்டைப் பார்த்தா கறி தெரியல, கேப்டன். உப்பைப் பார்த்தா தெரியுது."

கண் டாக்டர் படம் போட்டுக் காட்டினார். பார்வையின் நடுப்பகுதி தேய்ந்து வருகிறது. ஊசி போட்டுத் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது. ஓரப் பார்வை தங்கும். நடுவில் இருப்பது, முகங்களும் எழுத்துகளும், அடுத்த கோடைக்குள் போய்விடலாம். ஆர்லிஸ் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். வழியில் ஒரு பை சூரியகாந்தி விதை வாங்கிக் கொறித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். வெல்டாதான் அன்று குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதாள்.

அதோடு, அவன் ஆட்டம் எழுதும் நோட்டு. பத்து வயதிலிருந்து ரேடியோ கேட்டபடியே ஒவ்வொரு ஆட்டத்தையும் கட்டங்களில் குறித்து வருகிறவன் அவன். முன்பெல்லாம் ஒரு முழு ஆட்டம் ஒரே பக்கத்தில் எறும்பு வரிசை போல அடங்கும். இந்த வசந்தத்தில் வெல்டா எதேச்சையாக அதைப் புரட்டினாள். தடித்த மார்க்கர் பேனா. ஒரு இன்னிங்ஸுக்கு ஒரு பக்கம். கடைசிப் பக்கங்களில் கட்டங்களே இல்லை, கோணல் கோணலான பெரிய கோடுகள்தான்.

அடுத்த கோடை வரை காத்திருக்க முடியாது. இந்தக் கோடையிலேயே ஆர்லிஸ் அந்த மைதானத்தைத் தன் கண்ணால் பார்த்தாக வேண்டும். நோட்டை மூடிய அந்த நிமிடம் வெல்டா எடுத்த முடிவு அது.

தீவனக் கடையில் வருடா வருடம் கொடுக்கும் ஆட்ட அட்டவணை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தில் ஒட்டியிருந்தது. நாள், நேரம், சில கட்டங்கள் சிவப்பு, சில வெள்ளை. உறையின் பின்பக்கத்தோடு வெல்டா அதன் முன்னால் நின்றாள். ஜூன் முதல் வாரம் பள்ளிக்கூடத்துப் பாத்திரக் கணக்கு. மூன்றாவது வாரம் நோரீனின் சர்ச் மீன் வறுவல். ஜூலை நாலு, ஊரே திருவிழா. கடைசி வாரம் மாவட்டச் சந்தை. கண்ணில் ஊசி போட்டு ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் அடித்துக்கொண்டே வந்தால் ஒரே ஒரு நாள் எஞ்சியது.

"ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை. மூணு பத்துக்கு ஆட்டம்," என்று அறிவித்தாள்.

ஆர்லிஸ் காப்பிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவன் ஒரு கணம் நிறுத்தினான். "பன்னிரண்டா?"

"ஏன், நாள் நல்லா இல்லையா?"

"நாளுக்கு என்ன குறை." அவன் காப்பியைக் குடித்தான். "நல்ல நாள்தான், கேப்டன்."

அதற்கப்புறம் ஆறு வாரம் வெல்டா பட்ட பாட்டைச் சொல்லி மாளாது.

அந்தக் காலத்தில் மைதானத்துக்குப் போவதென்றால் காரை எடுத்தோம், வாசலில் சீட்டு வாங்கினோம், உட்கார்ந்தோம் என்று இருந்தது. இப்போது சீட்டே கிடையாதாம். எல்லாம் ஃபோனுக்குள்ளே. வெல்டாவின் ஃபோனோ மடக்கித் திறக்கிற ரகம். கார் நிறுத்தும் இடத்துக்கு முன்பதிவு, அதுவும் ஃபோனில். உள்ளே ரொக்கம் செல்லாது. வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோகலாம், ஆனால் மூடி திறக்காத பாட்டிலாக இருக்க வேண்டும். சாண்ட்விச் சரி, குளிர்ப்பெட்டி கூடாது. இதெல்லாம் பியோரியாவில் இருந்த டானெட் தினமும் ஃபோனில் சொல்லச் சொல்ல, வெல்டா ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதினாள்.

"அம்மா, முதல்ல டிக்கெட் வாங்கட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை."

"இரு, சீட் எந்தப் பக்கம்னு முடிவாகல."

முடிவாகாததற்குக் காரணம் நோரீன். எழுபது வயதில் இடுப்பு எலும்பு மாற்றிக்கொண்டவள். அவளை விட்டுவிட்டுப் போனால் கிறிஸ்துமஸ் வரை பேசமாட்டாள், கூட்டிப்போனால் கிறிஸ்துமஸ் வரை பேசிக்கொண்டே இருப்பாள்.

"வெயில் ஆகாது எனக்கு," என்றாள் திங்கட்கிழமை.

"சரி, நிழல் பக்கம்."

"நிழல் பக்கம்னா மேல போகணும். படி ஏற முடியாது."

"சரி, கீழ."

"கீழன்னா பந்து மூஞ்சியில வந்து அடிக்கும். மெம்பிஸ்ல என் சிநேகிதி ஒருத்திக்குப் பல்லே போச்சு."

"வலை கட்டியிருக்காங்க நோரீன்!"

"வலைக்குப் பின்னால உட்கார்ந்து பார்க்க நான் என்ன கோழியா?"

ஓர இருக்கை வேண்டும், ஆனால் ஆள் தாண்டிப் போகக்கூடாது. கழிவறை பக்கத்தில் வேண்டும், ஆனால் வாடை வரக்கூடாது. வெல்டா மைதானத்தின் படத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு பகுதியாகப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தாள். நாற்பதாயிரம் இருக்கைகளில் நோரீனின் பின்பக்கத்துக்கு ஏற்ற இருக்கை ஒன்று இல்லை.

"நீ சொல்லேன் ஆர்லிஸ்!" என்று ஷெட்டைப் பார்த்துக் கத்தினாள். "முதல் பேஸ் பக்கமா, மூணாவது பேஸ் பக்கமா?"

"எங்க வேணும்னாலும் சரி," என்று பதில் வந்தது. "எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"பார்த்தியா? ஒரு உதவி உண்டா இந்த மனுஷனால?"

ஜூலை மூன்றாம் தேதி, வியாழக்கிழமை பிற்பகல், ஒரு வழியாக நோரீன் ஒரு பகுதிக்கு இறங்கி வந்தாள். ஓட்டல் அறை பதிவாகியிருந்தது. நாய்க்குச் சோறு போடப் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லியாயிற்று. நோரீன் தலையைச் சுருட்டிவிட்டு வந்திருந்தாள். ரொட்டிப் பைகளுக்கு நீலப் பிடி தைத்தாயிற்று. வெல்டா வெற்றிக் களிப்போடு டானெட்டைக் கூப்பிட்டாள்.

"வாங்குடி இப்ப. மூணு டிக்கெட். எழுதிக்கோ."

மறுமுனையில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. "அம்மா. எந்தத் தேதி சொன்ன?"

"பன்னிரண்டு. ஆறு வாரமா அதைத்தானே சொல்றேன்?"

"பன்னிரண்டாம் தேதி ஆட்டம் இருக்கு. ஆனா இங்க இல்ல. நம்மாளுங்க அன்னிக்கு சின்சினாட்டியில."

வெல்டா மெல்லத் திரும்பி ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். சிவப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம். சிவப்பென்றால் சொந்த ஊர், வெள்ளையென்றால் வெளியூர். ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் நாற்பது வருடமாக அந்த அட்டையை அவள் ஒன்றே ஒன்றுக்குத்தான் பார்த்திருக்கிறாள், எத்தனை மணிக்கு அடுப்பை அணைப்பது என்று. ரேடியோ வீட்டில் சொந்த ஊர் ஏது, வெளியூர் ஏது? சின்சினாட்டியில் ஆடினாலும் சிகாகோவில் ஆடினாலும் ஆட்டம் எப்போதும் அவள் கார் ஷெட்டில்தான் நடந்தது.

நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு போட்டு ஒரு கரண்டி பிசகாதவள், ஆளே இல்லாத வீட்டுக்கு விருந்துக்குக் கிளம்பியிருந்தாள்! அவள் நெற்றியை ஃப்ரிட்ஜ் கதவில் சாய்த்தாள். ஆனால் உடனே இன்னொரு எண்ணம் வந்து அவளை நிமிர்த்தியது. அட்டையைப் படிக்கத் தெரியாதவள் அவள். அட்டையே தேவைப்படாத ஒருவன் இந்த வீட்டில் இருக்கிறானே?

ஷெட்டின் கதவை அவள் திறந்த வேகத்தில் சுவரில் மாட்டியிருந்த ரம்பம் ஆடியது.

"ஆர்லிஸ். பன்னிரண்டாம் தேதி ஆட்டம் எங்க?"

"சின்சினாட்டி," என்றான் அவன் யோசிக்காமல். "மூணு பத்து." சொல்லிவிட்ட பிறகுதான் அவன் கை ரேடியோவின் மேல் அசையாமல் நின்றது.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"...பிப்ரவரிலேர்ந்து. அட்டவணை வந்ததுலேர்ந்து."

"பிப்ரவரி!" வெல்டாவின் குரல் கூரையில் இடித்தது. "ஆறு வாரம் ஆர்லிஸ்! ரொட்டிப் பைக்குப் பிடி தைச்சேன். உன் அக்காவோட இடுப்புக்கு நாற்பதாயிரம் நாற்காலி பார்த்தேன். நீ இங்க உட்கார்ந்து விதை கொறிச்சுக்கிட்டு, 'நல்ல நாள்தான் கேப்டன்'ங்கற! என்னை முட்டாளாக்கி வேடிக்கை பார்த்தியா? இத்தனை வருஷம் உனக்குப் பொங்கிப் போட்டதுக்கு இதுதான் மரியாதையா?"

ஆர்லிஸ் ரேடியோவை அணைத்தான். ஆட்டத்தின் நடுவில், இன்னிங்ஸ் முடியாமல், அவன் ரேடியோவை அணைத்ததை வெல்டா திருமண வாழ்க்கையில் பார்த்ததே இல்லை.

"எனக்குப் பந்து தெரியாது, வெல்டா."

அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்னு கத்துவான். நான் உன் கையைப் பிடிச்சு, 'என்னாச்சு, என்னாச்சு'ன்னு கேட்கணும். நீ சொல்றதுக்குள்ள அடுத்த பந்து போயிருக்கும். பத்து வயசுலேர்ந்து ஒரு பந்து விடாம எழுதினவன் நான். அங்க போய்க் குருடன் மாதிரி உட்காரணுமா? இங்கன்னா அந்த ஆள் ரேடியோல சொல்றாரு. இங்க நான் யாரையும் கேட்க வேண்டியதில்ல."

"அதை முதல் நாளே சொல்லித் தொலைக்க என்ன?"

"சொன்னா நீ விட்டிருப்பியா? நாளே தப்பா எடுத்திருக்கா, தானா கலைஞ்சு போகும்னு இருந்தேன். அப்புறம்..." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீ ரொம்பச் சந்தோஷமா இருந்த."

"சந்தோஷமா? நானா? நோரீன்கூடவா?"

கோபத்தில் சிரிப்பு வந்தது, சிரிப்பில் அழுகை வந்தது. எது முன்னால் வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. சமையல் ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் ஷெட்டிலிருந்து வெளியேறினாள். அன்று மாலை முழுக்க அவள் பாத்திரங்களை வைத்த சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது.

மறுநாள் டானெட் மறுபடி கூப்பிட்டாள். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை இருக்கிறதாம், வாங்கட்டுமா என்று கேட்டாள். "வேண்டாம்," என்றாள் வெல்டா. ஓட்டல்காரன் முன்பதிவை ரத்து செய்ய விடமாட்டான் என்றும், அந்தப் பன்னிரண்டாம் தேதி மைதானத்தில் வெறுமனே ஊர்சுற்றிகளைத்தான் உள்ளே விடுகிறார்கள் என்றும் டானெட் புலம்பினாள்.

வெல்டாவின் கையிலிருந்த துடைப்புத்துணி நின்றது. "யாரை உள்ள விடறாங்க?"

"ஆட்டம் இல்லாத நாள்ல ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய் மைதானத்தைச் சுத்திக் காட்டுவாங்கம்மா. ஒரு மணி நேரம். கடைசி சுற்று மூணு மணிக்கு."

வெல்டா ஷெட்டு வாசலில் போய் நின்றாள். "பன்னிரண்டாம் தேதி காலையில பத்து மணிக்குக் கிளம்பறோம்."

"ஆட்டமே இல்லாத மைதானத்துல என்னத்தப் பார்க்கறது?" என்றான் ஆர்லிஸ்.

"பந்து தெரியாதுன்னுதானே அழுத? அன்னிக்குப் பந்தே கிடையாது. ஒருத்தனுக்கும் தெரியாது. நீயும் மத்தவனும் ஒண்ணு. சட்டையை இஸ்திரி போட்டு வச்சிருக்கேன், எதிர்த்துப் பேசாதே."

அவன் ரேடியோவின் மேல் கிடந்த விதைத் தோலைத் தட்டிவிட்டான். "சரி, கேப்டன்."

பன்னிரண்டாம் தேதி வழியில் டயர் பஞ்சராகவில்லை. யாருக்கும் இடுப்புவலி எடுக்கவில்லை. எங்கும் தீப்பிடிக்கவில்லை. ஒவ்வொரு மைலுக்கும் ஏதாவது நடக்கும் என்று வெல்டா ஸ்டீயரிங்கை நெரித்துக்கொண்டே ஓட்டினாள். ஒன்றும் நடக்காததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. மைதானத்தின் வாசலில் வெல்டாவும் நோரீனும் நீலப் பிடி போட்ட ரொட்டிப் பைகளை உயர்த்திக் காட்டினார்கள். அங்கே நின்ற காவலாளி கொட்டாவி விட்டான்.

"இன்னிக்கு ஆட்டம் இல்லீங்களே. எந்தப் பை வேணும்னாலும் கொண்டு வரலாம்."

நோரீன் வெல்டாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு பார்வை கிறிஸ்துமஸ் வரைக்கும் போதும்.

சுற்றிக் காட்டியவர் கிளீட்டஸ் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர். சிவப்பு மேல்சட்டை, நிதானமான நடை. மொத்தம் ஒன்பது பேர். இருட்டான ஒரு வழியில் கூட்டிப்போய், ஒரு சரிவில் ஏற்றி, அவர் விலகி நின்றார். எதிரே வெளிச்சம் திறந்தது.

ஆர்லிஸ் அப்படியே நின்றான். அறுபத்தாறு வயது மனிதன், கையில் சின்ன ரேடியோவோடு, ஐம்பத்தாறு வருடம் காதால் மட்டுமே வாழ்ந்த இடத்தின் விளிம்பில் நின்றான். வெல்டா அவன் பக்கம் திரும்பினாள். அவன் அழுவான், ஏதாவது சொல்வான், இத்தனை பாட்டுக்கும் பலன் இதோ கிடைக்கப்போகிறது என்று காத்திருந்தாள்.

"நான் நினைச்சதை விடச் சின்னதா இருக்கு," என்றான் ஆர்லிஸ்.

வெல்டாவுக்கு அவனை அந்தச் சரிவிலேயே உருட்டிவிடலாம் போலிருந்தது.

கீழ்வரிசையில் பத்து நிமிடம் உட்காரலாம் என்றார் கிளீட்டஸ். நோரீன் முதல் ஆளாக நிழலில் ஓர இருக்கையைப் பிடித்தாள். எஞ்சிய இரண்டில் வெயில் நேராக முகத்தில் அடித்தது வெல்டாவுக்குத்தான். மணி மூன்று பத்து. ஆர்லிஸ் ரேடியோவைத் திருகினான். அவனுடைய அந்த வர்ணனையாளரின் குரல், சின்சினாட்டியிலிருந்து கரகரத்துக்கொண்டு, காலி மைதானத்தின் நடுவே எழுந்தது. வெளியூரில் நம் ஆட்கள்தான் முதலில் மட்டை பிடிப்பார்கள். முதல் ஆள் அவுட். கிளீட்டஸ் நகர்ந்து வந்து கம்பியில் சாய்ந்துகொண்டார்.

அப்போதுதான் வெல்டா கவனித்தாள். ஆர்லிஸ் மைதானத்தைப் பார்க்கவே இல்லை. முழுதாகத் திரும்பி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு தூரம் கூட்டி வந்தது என் மூஞ்சியைப் பார்க்கவா? அதான் வீட்டுலயே இருக்கே!"

"உன்னை எங்க பார்க்கறேன்? நீ நடுவுல இருக்க, நீ தெரியவே இல்ல." அவன் குரல் தணிந்திருந்தது. "உன்னைப் பார்த்தாத்தான் மைதானம் தெரியுது, வெல்டா. சுத்தி எல்லாம் தெரியுது. புல்லு. அந்தப் பெரிய சுவரு. அந்தக் கோடு. பந்து போற வழியெல்லாம் அவர் சொல்லச் சொல்ல வச்சுப் பார்க்கறேன். சின்னதுன்னு சொன்னேனே, இல்ல. ரொம்பப் பெரிசு." அவன் கண்ணில் நீர் கோத்தது. "அசையாதே."

வெல்டா அசையவில்லை. வெயில் கண்ணைக் குத்தியது. கழுத்து வலித்தது. மூக்கின் மேல் வியர்வை ஊர்ந்தது. இரண்டாவது ஆளும் அவுட். கூட்டத்தில் மற்றவர்கள் எழுந்து நகரத் தொடங்கினார்கள். கிளீட்டஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம் ஆச்சுங்க," என்றார். பிறகு ரேடியோவைப் பார்த்தார், ஆர்லிஸைப் பார்த்தார். "சரி, இன்னிங்ஸ் முடியட்டும். இன்னும் ஒரு அவுட்தானே."

"இன்னும் எவ்வளவு நேரம் நான் இப்படிச் சிலையா உட்காரணும்?"

"ஒரே ஒரு ஆள், கேப்டன்."

மூன்றாவது ஆள் வந்து நின்றான். பந்து வந்தது. கோட்டுக்கு வெளியே. ஃபவுல். அடுத்ததும் ஃபவுல். "விடமாட்டான் போலிருக்கே இந்த ஆளு," என்று ரேடியோவில் குரல் சிரித்தது. வெல்டா பல்லைக் கடித்தாள். கன்னத்தில் வழிவது வியர்வையா கண்ணீரா என்று துடைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. துடைத்தால் முகம் அசையும், முகம் அசைந்தால் அவன் மைதானம் அசையும்.

"அடிச்சுத் தொலையேன்டா," என்று அவள் வாய் பழக்கத்தில் முணுமுணுத்தது. ஆனால் அடுத்த பந்துக்கு அந்த ஆள் மட்டையைத் தூக்கியபோது, ஃபவுலாகப் போ, கடவுளே, ஃபவுலாகவே போ என்றுதான் அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஃபவுலாகவே போனது.